இஸ்தோப்பைத் தாண்டாத ஐந்து மாதம்

என் தம்பி ஒரு பங்குனி மாதத்தில் இறந்தான். அவனுக்கு எட்டு வயது. மூன்று நாள் வயிற்றோட்டம். நான்காம் நாள் காலை, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. தப்புச் சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் அசையவில்லை. அப்புறம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஐயோ" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் தெரிந்தது போல இருந்தது.

சில நாள் கழித்து அம்மா கொழுந்துக்குப் போனார். அப்பா செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். வீட்டில் நானும் தங்கச்சியும் இருந்தோம். அவளுக்கு ஐந்து வயது. பிள்ளைக்காம்பராவில் வைத்துக்கொள்ளும் வயதைத் தாண்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷம்தான் சேர்ப்பார்கள். நான் எஸ்.எஸ்.சி. தேறிவிட்டு, ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

எங்கள் வம்சத்திலேயே எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். அது என்ன மாதிரியான நிலைமை என்பது அப்படி இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதே அப்பா என்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார். ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கும் கடுதாசியை வாசிக்கச் சொல்வது நியாயம். ஒரு தடவை எங்கள் ஆடு சினையாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"அப்ப என்னாத்ததான்டா படிச்ச இத்தன வருசம்?"

இதை லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

தம்பி இருந்தவரை தங்கச்சி அவனோடுதான் திரிவாள். லயத்துக் கோடியைத் தாண்டினால் மானாப்புல் சரிவு. அதில் அம்மாவின் பழைய படங்கை, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கை, விரித்து உட்கார்ந்து சறுக்குவார்கள். கீழே ஓடை. கல்லைப் புரட்டி நண்டு பிடிப்பார்கள். முள்ளுப்பழம் தின்று வாயெல்லாம் சிவப்பாக வருவார்கள். காலில் அட்டை கடித்து இரத்தம் வழிவதைக்கூடக் கவனிக்காமல் வந்து நின்று, "பசிக்குது" என்பார்கள். எனக்கு அந்தச் சரிவில் சறுக்கிய ஞாபகம் இல்லை. நான் புத்தகப் பையோடு தலவாக்கலைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன்.

தம்பி போன பிறகு ஒரு சாயங்காலம் அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். காம்பராவுக்கு முன்னால் கூரை இறங்கியிருக்கும் நாலடி இடம்தான் இஸ்தோப்பு. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எதனால அவனுக்கு அப்படி ஆச்சு?"

என்னிடம் சுகாதாரப் பாடப் புத்தகம் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர், சேறு, கிருமி, கொக்கிப்புழு எல்லாவற்றையும் விளக்கினேன். ஓடைத் தண்ணீரைக் குடித்திருப்பான், அதனால்தான் என்றேன். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நல்ல புள்ளி எடுத்தவன் நான். அம்மா அடுப்படியில் மாவு பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இவள என்னா செய்யிறது?"

"வெளிய விடக்கூடாதும்மா. இஸ்தோப்பத் தாண்டக்கூடாது. நான் பாத்துக்கிறேன்."

"சரி தம்பி."

அவ்வளவுதான் பேச்சு. படித்த மகன் சொல்லிவிட்டான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தங்கச்சி முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் லயத்துப் பிள்ளைகள் வந்து கூப்பிட்டபோது எழுந்து ஓடினாள். நான் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து உட்கார்த்தினேன். மூன்றாம் நாள் அவளாகவே உட்கார்ந்துகொண்டாள். சிலேட்டில் 'அ' எழுதிக் கொடுத்தேன். எழுதினாள். 'ஆ' எழுதிக் கொடுத்தேன். எழுதினாள். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று நினைத்தேன்.

சித்திரை, வைகாசி போனது. ஆனியில் மழை பிடித்தது. பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். பகலிலும் காம்பராவுக்குள் விளக்கு வேண்டும். அவள் சுவரோரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பேசமாட்டாள். பிறகு கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிடுவாள். இரண்டு வயதிலேயே விட்ட பழக்கம் திரும்பி வந்து, பாய் தினமும் நனைந்தது. அம்மா திட்டாமல் அதை எடுத்துப் போய்க் கொடியில் போடுவார். மழையில் அது காயாது.

ஒரு நாள் சுவரில் அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சுண்ணாம்பு இல்லாமல் மண் தெரிவதைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்றிருக்கிறாள். புத்தகத்தைப் புரட்டினேன். புழுவாக இருக்கலாம் என்று பட்டது. மருந்துக் காம்பராவில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு பூச்சியும் விழவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் இளைத்தாள்.

அடுத்த காம்பரா அக்கா ஒரு நாள் வாசலில் நின்று கேட்டார்.

"ஏன் தம்பி, கோழியக்கூட பகல்ல தொறந்து விடுறோமே. இது என்னா குத்தம் பண்ணுச்சு?"

"வெளியில கிருமிக்கா."

"நாங்கெல்லாம் கிருமிலதான் பொறந்தோம் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவும் வரவில்லை. தம்பிக்காக நான் அழவும் இல்லை. வீட்டில் அவன் பேரை யாரும் எடுக்கவில்லை. அவனுடைய சட்டையை அம்மா மடித்து, சாமான் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். சோறு போடும்போது அம்மாவின் கை ஒரு தட்டைக் கூடுதலாக எடுக்கும், பிறகு வைத்துவிடும். அதை நாங்கள் மூன்று பேரும் பார்ப்போம். தங்கச்சியும் பார்த்திருப்பாள். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதம் ஒரு காலை, மலைத் தண்ணீரைக் கொண்டுவரும் பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் லயத்துக்குக் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலித் தண்ணீர்தான். ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். குடத்தோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி சும்மாதானே இருக்காரு. ஏறிப் பாக்கட்டும்."

"அவரு கையில சேறு பட்டா சர்ட்டிபிகேட்டு அழிஞ்சிருமோ என்னமோ."

ஏறினேன். மழையில் இலையும் மண்ணும் சேர்ந்து குழாய்வாயை அடைத்திருந்தன. கையை விட்டு எடுத்துப் போட்டேன். தண்ணீர் போகத் தொடங்கியது. எங்கிருந்து வருகிறது என்று சும்மா இன்னும் கொஞ்சம் மேலே போனேன். அதற்கு முன் நான் அங்கே ஏறியதே இல்லை. மேல் லயத்துக்குப் பின்னால் ஒரு கான், சிறு வாய்க்கால், ஓடுகிறது. அந்த லயத்துப் பிள்ளைகள் ஒதுங்குவது அந்தக் கான் ஓரத்தில்தான். மழை அதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து, பீலிக்கு வரும் நீரில் சேர்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விளையாடும் ஓடை வேறு. அது எதிர்ப்பக்கத்துப் பாறையிலிருந்து நேராக இறங்குகிறது. அதற்கு மேலே லயமே இல்லை.

அங்கேயே நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. நாலு மாதமாக நான் தங்கச்சிக்குக் குவளையில் ஊற்றிக் கொடுத்தது இந்தத் தண்ணீரை. தம்பி குடித்தது எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஓடை என்று நான் சொன்னது ஊகம். புத்தகத்தில் 'நீரைக் கொதிக்க வைத்துப் பருக வேண்டும்' என்ற வரி இருந்தது. அதை நான் பரீட்சைக்கு மனனம் செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. விறகு கூட வேண்டுமே, அம்மாவுக்குக் கஷ்டம் என்று ஒதுக்கிவிட்டேன். பிள்ளையைப் பூட்டி வைக்க விறகு தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"இனிமே தண்ணிய கொதிக்க வச்சுத்தாம்மா குடிக்கணும்."

"சரி தம்பி."

"பாப்பா வெளிய போயி வெளையாடலாம். நான் சொன்னது தப்பு."

"சரி தம்பி."

இரண்டு சரிக்கும் ஒரே குரல். தப்பு என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அப்பா தலையை ஆட்டினார். என்னைத் திட்டியிருக்கலாம்.

கதவைத் திறந்து வைத்தால் அவள் போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் போகவில்லை. "போ பாப்பா, வெளையாடு" என்றால் இஸ்தோப்பின் விளிம்புவரை வந்து நின்றாள். கால் விரல்கள் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மழைத் துளி விரலில் விழுந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒரு வாரம் அப்படியே போனது. உடம்பு பாதியாகியிருந்தது. இவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. பயமாகக்கூட இல்லை, ஒரு தகவலைப் போலத் தோன்றியது.

ஆவணியில் இரண்டு நாள் வெயில் அடித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானே சரிவுக்குக் கூட்டிப் போனேன். ஐந்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். பெரட்டு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அடுத்த காம்பரா அக்காவின் மகள் எட்டு வயதுக்காரி. அவள்தான் கங்காணி. துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, கையில் பிரம்பு போல ஒரு தேயிலை மிலாறு. மற்றவர்கள் வரிசையாக நின்று வேலைக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். தங்கச்சி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க போங்க. நீங்க தொர மாதிரி நின்னா நாங்க எப்படி வேல செய்யிறது?"

வேட்டியிலிருந்து தங்கச்சியின் கையை எடுத்துவிட்டு, நாலு வரிசை தள்ளித் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பார்க்க முடியவில்லை. சத்தம் கேட்டது.

"ஏய், ஒன்னத்தான். கொழுந்துக் கூட எங்க?"

மிலாறு தரையில் பட்பட்டென்று அடித்தது.

"வாயில என்னா கொழுக்கட்டையா? இத்தன நாளா வேலைக்கு வராம எங்க போயிருந்த?"

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது தங்கச்சியின் குரல் வந்தது. கரகரவென்று, வேறு யாருடைய குரலோ போல.

"எங்க சின்னண்ணன் செத்துப்போச்சு."

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம் அது.

"அதுக்கு?" என்றாள் கங்காணி.

"நான் உள்ளயே இருந்தேன்."

"யாரக் கேட்டு வேலைக்கு வராம நின்ன?"

வரிசையிலிருந்து ஒரு பையன் குறுக்கே வந்தான். "சாவு வீட்டுக்கு லீவு உண்டுடி. எங்க மாமா செத்தப்ப எங்கப்பா போகல."

கங்காணி யோசித்திருக்க வேண்டும். "சரி. ஆனா நீ ரொம்ப நாளு நின்னுட்ட. இன்னக்கி பிந்தி வேற வந்துருக்க. அரப் பேருதான் போடுவேன்."

"முழுப் பேரு போடு."

"முடியாது."

"முழுப் பேரு போடுங்க கங்காணி" என்றாள் தங்கச்சி, கொஞ்சம் சத்தமாக. "நான் நெறைய எடுப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "வாய் வந்துருச்சுடா இவளுக்கு" என்றான் அந்தப் பையன். பிறகு காலடிச் சத்தம். எல்லோரும் புல்லுக்குள் ஓடினார்கள். நான் செடிகளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தரை ஈரமாக இருந்தது, வேட்டி நனைந்தது. அது மட்டும் தெரிந்தது.

இப்போது நான் வேறொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியன். அதே சுகாதாரப் புத்தகத்தைத்தான் பாடம் நடத்துகிறேன். பல், நகம், உணவு, மலகூடம் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புல்லும் சரிவும் பிற பிள்ளைகளும் வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அன்றைய பாடம் முடிந்ததும் நான் மணியடிப்பதற்கு முன்பே பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவேன். தலைமை ஆசிரியருக்கு அது பிடிப்பதில்லை.

சரிவுக்குப் போன அன்று தங்கச்சி பொழுது சாயும்போது முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். ரொட்டி ஒன்றைத் தின்று இன்னொன்று கேட்டாள். அம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சுட்டுக் கொடுத்தார். பாய் அதற்குப் பிறகும் சில வாரம் நனைந்தது. சுவரைச் சுரண்டுவது மட்டும் நின்றது.

மறுநாள் காலை அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு புறப்படும்போது, தங்கச்சி அந்தப் பழைய படங்கை இழுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். அம்மா நின்றுவிட்டார்.

"தம்பி, அவ போகலாமா?"

"என்னயக் கேக்காதீங்கம்மா" என்றேன்.

அம்மாவுக்கு அது புரியவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று கூடையோடு காத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் அப்படி நின்றுகொண்டிருந்தபோது அவள் லயத்துக் கோடியைத் தாண்டிப் போய்விட்டாள்.