எழிலரசிக்கு வந்த தூக்கம்

எழிலரசியை ஊருக்கு அனுப்பியதே தூங்குவதற்காகத்தான். தெற்கு சூடானில் ஒரு சமாதானக் குழுவில் பல வருடமாக வேலை. மாட்டுக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் இரண்டு கூட்டத்தாரை ஒரே மரத்தடியில் உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும். போன மாதம் அந்த மரத்தடியிலேயே துப்பாக்கி வெடித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் தலை சிதறி அவள் மடியில் சாய்ந்தார். அன்றோடு தூக்கம் போயிற்று. தூங்கித் தேறினால் திரும்பி வரலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது.

கள்ளிக்குப்பத்தில் அண்ணன் நாகேந்திரன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார்கள். அண்ணி சரசா வேளா வேளைக்கு மீனும் கறியுமாகப் போட்டாள். எல்லாம் செரித்தது, தூக்கம் மட்டும் வரவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கள்ளிக்குப்பத்தில் மழை விட்டால் கெட்ட வார்த்தை பெய்ய ஆரம்பிக்கும். எதிர்வீட்டு உத்தமன் தன் கேட்டில் மணல்மூட்டை அடுக்கி, உள்ளே நின்ற தண்ணீரை மோட்டார் போட்டுத் தெருவுக்கு இறைத்தான். அது நேராக நாகேந்திரனின் கூடத்துக்குள் நுழைந்தது. நாகேந்திரன் கடப்பாரையோடு இறங்கினான்.

"டேய், உன் ஊட்டுத் தண்ணி என் ஊட்டுக்குள்ள வந்துகினு கீது. மோட்டார நிறுத்துறா!"

"நிறுத்த மாட்டேன். இன்னா பண்ணுவ?"

கடப்பாரை மணல்மூட்டையைக் கிழித்தது. அடுத்து உத்தமனின் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மாடிவரைக்கும் கேட்டது.

எழிலரசி ஓடிவந்தாள். சூடானில் அவள் பழகிய வழி ஒன்று உண்டு: அடிபடுகிறவனை மறைத்துக்கொண்டு நிற்பது. அங்கே அவள் யாருக்கும் சொந்தக்காரி இல்லை, அதனால் பலித்தது. இங்கே தங்கச்சி என்பதைப் பாவி மறந்துபோய், உத்தமனை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எழிலு, நீ அவனுக்கா நிக்கிற?" நாகேந்திரன் கடப்பாரையைத் தாழ்த்தினான். அந்த நொடிக்குத்தான் உத்தமன் காத்திருந்தான். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து செங்கல் பறந்தது. அண்ணன் நெற்றி பிளந்து தண்ணீரில் குப்புற விழுந்தான்.

அப்புறம் கடப்பாரை அவள் கையில் இருந்தது. உத்தமனின் முட்டியில் அடித்தாள். விழுந்தவனை மறுபடியும் அடித்தாள். "உட்ரும்மா, செத்துருவான்!" என்று சரசா இடுப்பைக் கட்டி இழுத்தும் நிறுத்தவில்லை. தெரு மொத்தமும் வந்துதான் பிடுங்கியது.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குத் தையல் போட்டார்கள். உத்தமன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தக் கால் இனி மடங்காது என்றார் டாக்டர். விசாரிக்க வந்த பெண் போலீஸ், வராந்தா பெஞ்சில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த எழிலரசியை உலுக்கப் போனாள்.

"எழுப்பாதீங்க மேடம்," என்றாள் சரசா. "வந்ததுலேருந்து இன்னிக்குத்தான் தூங்குது."

விழித்தபோது எழிலரசிக்கு உடம்பு லேசாக இருந்தது. நன்றாகப் பசித்தது. சேலையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். எதனால் தூக்கம் வந்தது என்று புரிந்ததும் சரசாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இனிமே அந்த மரத்தடியில நான் எப்படிப் போய் உக்காருவேன்?"