தாழம்பூ ரேக்கு வைத்த குப்பை வேலி

குப்பைத் தொட்டிக்கு வேலி போடும் தொழிலில் ஒரு வசதி உண்டு: அளவெடுக்கும்போது யாரும் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கமாட்டார்கள். கூச்சக்காரனான எனக்கு அது பெரிய உதவி.

அன்று பட்டுக்கடையின் பின்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள்: கடை முதலாளி ஏகாம்பரம், அடுத்த கட்டடத்தில் மெஸ் நடத்தும் சரோஜா அம்மா. மூக்கைப் பொத்தாமல் நின்றவர்கள்: தினமும் அந்தத் தொட்டிகளைக் காலி செய்யும் தேவகி, என் பட்டறைக் கூட்டாளி நசீர் பாய், நான். ஆக ஐந்து பேர். சக்கரம் வைத்த தொட்டிகள் நான்கு. மாடு ஒன்று.

கடைக்கும் மெஸ்ஸுக்கும் பொதுவான இடம் அது. கார் நிறுத்தும் இடத்துக்கு நேர் எதிரே. முகூர்த்தப் புடவை எடுக்க வருபவர்கள் காரை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது அந்தத் தொட்டிகளைத்தான். "அழகா இருக்கணும், பூட்டும் வேணும்" என்றார் முதலாளி. நான் அளவெடுத்து முடித்துக் கிளம்பும்போது தேவகி வழியில் வந்து நின்றாள்.

"மேஸ்திரி, வேலி எப்படி வேணா போட்டுக்கோங்க. குப்பை வண்டி இங்க நிக்கிற நேரம் மட்டும் ஏறக்கூடாது. லேட்டாச்சுன்னா சூப்பர்வைசர் என்னை வேற வார்டுக்கு மாத்திடுவாரு. அப்புறம் பால்வாடியிலேர்ந்து என் பொண்ணை யாரு கூட்டிக்கினு வருவா?"

"சரிம்மா" என்றேன். எனக்கு அவ்வளவுதான் பேச வரும். பட்டறை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும், "சரி" என்று சொல்லிவிட்டு வந்த வேலைதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

குப்பைக்கு எதற்குப் பூட்டு

மாட்டுக்குத் தடுப்பு போதும், குப்பைக்குப் பூட்டு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். நசீர் பாய் எனக்காகக் கேட்டார். முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடை பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டிகளில் நசுங்கியவற்றைத் தொட்டியில் போடுகிறார்களாம். அதை யாரோ பொறுக்கி எடுத்து, உள்ளே போலிப் பட்டுப்புடவையை வைத்து விற்கிறார்களாம். ஒரே சலவையில் சாயம் போன புடவையோடு வாலாஜாபாத்திலிருந்து ஒரு அம்மா வந்து, கல்லா முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாராம்.

"அப்போ பெட்டியைக் கிழிச்சுப் போட்டா தீந்துது. அதுக்கு எதுக்கு மொதலாளி வேலி?" என்றார் நசீர் பாய்.

ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். "எல்லாம் புடவைக்கடைப் பசங்க பாய். மடிக்கச் சொன்னா நாள் பூரா மடிப்பானுங்க, கிழிக்கச் சொன்னா கை வராது."

மறைக்கணும், மூடக்கூடாது

எதைக் கொண்டு வேலி போடுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. கம்பி வலை போட்டால் குப்பை அப்படியே தெரியும், பறக்கும் பிளாஸ்டிக் பை எல்லாம் அதில் வந்து ஒட்டும். மூங்கில் தட்டி அழகுதான், ஆனால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. மரம் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததற்கு உப்பிவிடும். முழுத் தகடாக அடித்துவிடலாம் என்றார் முதலாளி. நான் தலையாட்டவிருந்தேன்.

கடைசியில் இரும்புப் பட்டைகளைச் சாய்த்து, ஒன்றின் மேல் ஒன்று விழும்படி அடுக்குவது என்று முடிவானது. கண்ணுக்கு மறையும், காற்று போகும், கை நுழையாது. மேல் விளிம்பில் சேலைக் கரையில் வருவது போலப் பல் பல்லாகத் தாழம்பூ ரேக்கு வெட்டி வைப்பது; பார்க்கவும் லட்சணம், ஏறிக் குதிக்கவும் முடியாது. முழுத் தகட்டிலிருந்து எங்களைக் காப்பாற்றியவர் சரோஜா அம்மா.

"முழுசா மூடிட்டா நாத்தம் மேல ஏறி என் சமையக்கட்டு ஜன்னலுக்குத்தான் வரும்பா. அப்புறம் என் சாம்பாரை எவன் நம்புவான்?"

நாக்கு

கதவு மாட்டியதும் முதலில் சோதித்தது அந்த மாடு. மேலே தூக்கினால் திறக்கும் கொக்கி வைத்திருந்தேன். நாங்கள் டீ குடித்து வருவதற்குள் நாக்கால் கொக்கியைத் தூக்கிவிட்டு உள்ளே நின்று முட்டைக்கோஸ் இலை தின்றுகொண்டிருந்தது. அதற்குக் கோபப்பட என்ன இருக்கிறது? கொக்கியைக் கழற்றிவிட்டு, திருப்பி இழுத்தால்தான் நகரும் தாழ்ப்பாள் வைத்தேன். மறுநாள் அது நக்கிப் பார்த்தது, முட்டிப் பார்த்தது, போய்விட்டது.

"பாஸ் போட்டுட்டுப் போவுது மேஸ்திரி. இதைவிடக் கறாரான அதிகாரி நமக்கு எங்க கிடைக்கும்?" என்றார் நசீர் பாய்.

போட்டோ

அரக்கு நிறம் அடித்து, ரேக்குக்கு மட்டும் மாம்பழ மஞ்சள் கொடுத்தோம். போல்ட் தலைகள் வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தன. நட்டுகள் எல்லாம் உள்பக்கம். வெளியிலிருந்து எவனாலும் கழற்ற முடியாது. வெயிலில் அது தகதகவென்று நின்றபோது, சொல்லக்கூடாது, எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

தாமல் பக்கத்திலிருந்து புடவை எடுக்க வந்த ஒரு கல்யாணப் பெண் வீட்டார், கார் வரும்வரை அதன் முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதலாளி கடைவாசலிலிருந்து பார்த்துப் பூரித்துப்போனார். அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து பணிவாகக் கேட்டார்: "உள்ள எந்த சாமிங்க? நடை எப்போ தொறப்பீங்க?"

உள்ளே நிற்பவள்

மறுநாள் காலை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்க, தேவகி சாவி வாங்கி உள்ளே போனாள். முதல் தொட்டியை இழுத்தாள். கதவுச் சட்டத்தின் அடிக்கம்பியில் சக்கரம் முட்டி நின்றது. தூக்கி இறக்கவேண்டியிருந்தது. திரும்பும்போது கதவு காற்றில் வந்து மோதியது. ஒதுங்கினாள், நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனை முழங்கையைக் கீறி, சேலையையும் கிழித்தது. வெளியே பேட்டரி வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான்காவது தொட்டி வெளியே வருவதற்குள் சூப்பர்வைசரின் போன் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வேறு வார்டு என்று சொல்லிவிட்டார்.

நான் தலைகுனிந்து நின்றேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்று, அதைத்தான் கோட்டைவிட்டிருந்தேன். முதலாளி என்னைக் காப்பாற்ற நினைத்து, "வேலி நல்லாத்தானே இருக்குது. உள்பக்கத்தை யாரும்மா பாக்கப்போறாங்க?" என்றார்.

தேவகி கிழிந்த முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் பாக்கறேன் மொதலாளி, தினமும். நெசவுக்காரங்க கொண்டாந்த புடவையைத் திருப்பித் திருப்பிப் பாப்பீங்க இல்ல, இத்தையும் ஒரு வாட்டி திருப்பிப் பாருங்க."

ரிட்டன்

ஏகாம்பரம் வேலிக்குள் காலடி வைத்தது அன்றுதான் முதல் தடவை. புடவையின் பின்பக்கத்தைத் தடவுவது போல, உள்ளங்கையை விரித்துப் பட்டைகள் மேல் ஓட்டினார். இரண்டாவது பட்டையிலேயே சட்டைக்கை மாட்டிக்கொண்டது. நசீர் பாய் போய் விடுவிக்கவேண்டியிருந்தது. கிழிந்த சட்டைக்கையைப் பார்த்தார், தேவகியின் முழங்கையைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, தப்பு எங்கள் வேலியில் என்றும், திங்கட்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யும்படியும் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புடவை ரிட்டன், மேஸ்திரி."

திங்கட்கிழமை

தடுப்புகள் ஆறு, ஒன்றுக்குப் பட்டை பன்னிரண்டு, பட்டைக்கு போல்ட் இரண்டு. நூற்று நாற்பத்து நான்கு முனைகளையும் அறுத்து, ராவி, ஒவ்வொன்றுக்கும் தொப்பி மாதிரி மூடிய நட்டு போட்டோம். நூற்றைம்பது வாங்கியிருந்தேன். அடிக்கம்பியை எடுத்துவிட்டுத் தரையைச் சரிவாகப் பூசினோம். கதவை வெளிப்பக்கம் முழுவதும் திறக்கும்படி மாற்றி, சுவரில் மாட்டிவைக்க ஒரு கொக்கி கொடுத்தோம். கீல் வைக்கும் முன் தேவகியைக் கூப்பிட்டுத் தொட்டியை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நானாகப் போய்க் கூப்பிட்டேன் என்று நசீர் பாய் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் வண்டியோடு வந்தார். தேவகி பூட்டைத் திறந்து கதவைச் சுவர்க் கொக்கியில் மாட்டினாள். தொட்டிகள் ஒவ்வொன்றாக ஒரே கையில் உருண்டு வந்தன, கவிழ்ந்தன, திரும்பிப் போயின. பூட்டியாகிவிட்டது. வண்டிக்காரர் சரோஜா அம்மாவிடம் வாங்கிய டீயில் பாதி டம்ளரிலேயே இருந்தது. சூப்பர்வைசர் உள்ளே எட்டிப் பார்த்தார், "சரி, இங்கயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அவசரமாக அதன் பின்னால் ஓடிய தேவகி, திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"இன்னா மேஸ்திரி, கொஞ்சம் சிரிங்க! எனக்கு வேலை இருக்குது!"

திருப்பிப் பார்க்கச் சொன்னவளுக்கும், உள்ளே போய்ப் பார்த்தவருக்கும், என் வாயாக இருந்த நசீர் பாய்க்கும் நன்றி சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் வார்த்தை வராதவன் செய்யக்கூடியது எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் என்பதால் பைக்குள் கைவிட்டு எண்ணினேன்: மிச்சம், தொப்பி நட்டு ஆறு.