காத்தவராயண்ணன் சொன்னது ஒன்று, நான் சொன்னது வேறு

நான் பொய் சொன்னேன். நீதிபதியின் முன்னால், வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, ஒரு குடியானவர் தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் மாற்றிச் சொன்னேன். வாய் தவறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே சொன்னேன்!

அதனால் அவர் நிலத்தை இழந்தார். நான் வக்கீலானேன்.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. அந்த எளிமையே எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது... இருந்தாலும் சொல்கிறேன். கேளுங்கள்.

என் ஊர் பாகூர்க் கொம்யூன் என்ற வட்டாரத்தைச் சேர்ந்த செலியமேடு. அப்பாவுக்கு ஏரிப்பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது புதுச்சேரியில் பத்திரம் எழுதும் இடத்துக்கு அவரோடு போயிருந்தேன். தாள் முழுவதும் பிரெஞ்சு. "இதுல இன்னா எழுதியிருக்குது சாமி?" என்று அப்பா பணிவாகக் கேட்டார். மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உனக்கு எதுக்குய்யா அது? ரேகையை வை" என்றார். அப்பா வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் உட்கார்ந்து கட்டைவிரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே வந்தார். மை போகவில்லை.

அன்றுதான் வக்கீலாக வேண்டும் என்ற ஆசை எனக்குள் முளைத்தது. பிரெஞ்சு தெரியாத எங்கள் ஜனங்களுக்கு நான் வாயாக இருப்பேன் என்று பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சொன்னேன். ஆம், அதே சொல்லைத்தான் சொன்னேன். வாயாக இருப்பேன்!

ஆசை பொய்யில்லை. அதை மட்டும் நம்புங்கள். வயல் வரப்பிலும் வண்டிப்பாதையிலும் நடந்து பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பிறகு புதுச்சேரிப் பட்டணத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டில் தங்கிக் கல்லூரித் தேர்வும் தேறினேன். எங்கள் ஊரிலிருந்து அதைத் தேறிய முதல் ஆள் நான். அப்பா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்.

காத்தவராயண்ணனைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்தில் பயிர் செய்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். விடுமுறையில் ஊருக்கு வந்தால் என்னை வரப்பில் நிறுத்தி, "இன்னா தணிகா, புதுசா இன்னா கத்துகினு வந்த? ஒண்ணு சொல்லு" என்பார். ஒருமுறை 'முன்னால் போ' என்பதற்குப் பிரெஞ்சில் 'அவான்ஸ்' என்று சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு அவருடைய மாடுகள் அந்த ஒரு சொல்லுக்குத்தான் நடந்தன. "அவான்ஸ்! அவான்ஸ்!" என்று அவர் ஏர் ஓட்டும் குரல் எங்கள் வீடுவரை கேட்கும். ஊரே சிரிக்கும். அவருக்குப் பெருமை தாங்காது.

சட்டம் படிக்க எனக்கு இரண்டு தேவைகள் இருந்தன. சித்தப்பா வீடு மாறிப் போய்விட்டதால் பட்டணத்தில் தங்க ஓர் இடம் வேண்டும். நல்ல குடும்பத்துப் பிள்ளை, நடத்தை சரியானவன் என்று செல்வாக்குள்ள ஒருவர் எழுதித் தர வேண்டும். இரண்டுமே எங்கள் பக்கத்து மிராசுதாரின் கையில் இருந்தன. பட்டணத்தில் அவருக்கு மாடி வீடு உண்டு. வெள்ளைக்காரத் துரைமாரிடம் அவர் சொல்லுக்கு மதிப்பும் உண்டு.

அப்பாவும் நானும் போய் நின்றோம். மிராசுதார் நல்லவிதமாகவே பேசினார். "அறுப்பு முடியட்டும்பா, எழுதித் தரேன். நம்ம வூட்டு மாடியிலயே தங்கிப் படிக்கட்டும்" என்றார். அப்பா கண் கலங்கிவிட்டார். அறுப்பு முடிவதற்குள்தான் அந்த வழக்கு வந்தது.

காத்தவராயண்ணன் பயிர் செய்த நிலம் மிராசுதாருக்குச் சொந்தம். ஆனால் அதைப் பயிரிடும் உரிமை அண்ணனுடைய பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு இருந்தது. குடியானவன் தானாக நிலத்தைக் கைவிட்டாலொழிய அந்த உரிமை போகாது என்று பழைய பத்திரம் சொன்னது. இடையில் வாய்க்கால் தூர்ந்து, இரண்டு வருடம் ஏரித் தண்ணீர் அந்த வயலுக்கு ஏறவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. மூன்றாம் வருடம் அண்ணன் ஏரைக் கட்டிக்கொண்டு போனபோது மிராசுதாரின் ஆட்கள் மறித்தார்கள். 'நீதான் கைவிட்டுவிட்டாயே' என்றார்கள்.

ஆக, வழக்கில் தீர வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அவர் நிலத்தைத் தரிசாகப் போட்டாரா, கைவிட்டாரா?

மாதத்தில் ஒரு நாள் நீதிபதி பட்டணத்திலிருந்து பாகூருக்கு வந்து, மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் அலுவலகத்தில் வழக்குக் கேட்பார். அன்று காலை நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். வருங்கால வக்கீல் அல்லவா! மிராசுதாருக்காகப் பட்டணத்து வக்கீல் வந்திருந்தார். அண்ணனுக்கு வக்கீல் இல்லை. வழக்கமாக வரும் துபாசிக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவர் யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டார்.

என்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? காத்தவராயண்ணன்தான்! கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, முகமெல்லாம் மலர, "இதோ இருக்குதே எங்க ஊரு புள்ள! தணிகா, வாப்பா. நீயே வா" என்றார்.

போனேன். கையை உயர்த்தினேன். கேட்டதைக் கேட்டபடியே சொல்வேன் என்று சத்தியம் செய்தேன்.

அண்ணன் பேசினார். தூர்ந்த வாய்க்காலைப் பற்றி, தண்ணீருக்காகக் காத்திருந்ததைப் பற்றி, மறித்த ஆட்களைப் பற்றியெல்லாம் நெடுநேரம் பேசினார். எல்லாம் இப்போதும் என் காதில் இருக்கிறது. "தண்ணி ஏறல தொரெ. அதான் ரெண்டு வருசம் சும்மா வுட்டேன். வுடாம இன்னா செய்ய முடியும்? நெலம் எங்கியும் போயிடாது, தண்ணி வந்தா ஓட்டிக்கலாம்னு இருந்தேன்."

சும்மா விட்டேன்... உங்களுக்கும் எனக்கும் இதில் என்ன சந்தேகம்? தரிசாகப் போட்டேன் என்றுதானே பொருள்! அதற்குப் பிரெஞ்சில் நல்ல சொல் உண்டு. எனக்கு அது தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது மிராசுதாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து மிரட்டினார், கண்ணைக் காட்டினார் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பும் சரி, அன்றும் சரி, எனக்காக இதைச் செய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாடி வீடு எனக்கு நினைவு வந்தது. அவர் எழுதித் தரவேண்டிய தாள் நினைவு வந்தது. யாரும் கேட்காமல், நானாகவே...

"தண்ணீர் இல்லாததால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிலத்தைக் கைவிட்டுவிட்டதாகச் சொல்கிறார். இப்போது திரும்பக் கேட்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அவ்வளவுதான். நீதிபதியின் பேனா ஓடியது. 'கைவிட்டார்' என்ற அந்தச் சொல்லின் கீழ் அவர் ஒரு கோடு இழுத்ததை நான் பார்த்தேன். மிராசுதாரின் வக்கீலுக்குத் தமிழ் தெரியும். ஒரு கணம் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். அவர் ஏன் மறுக்கப் போகிறார்? அந்த அறையில் நடந்தது என்னவென்று எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

தீர்ப்பு அன்றே ஆனது. அதையும் அண்ணனுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான்.

வெளியே வந்ததும் அவருடைய மனைவி பச்சையம்மா அண்ணி என்னை மறித்தாள். சன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "இவரு அவ்ளோ நேரம் பேசினாரே தணிகா, நீ ரெண்டே வார்த்தைல முடிச்சிட்ட. பிரெஞ்சு அவ்ளோ சின்ன பாஷையா?" என்றாள்.

அண்ணன் அவளை அதட்டினார். "சும்மா இருடி. படிச்ச புள்ளயப் பாத்து கேக்கற கேள்வியா இது? அவன் நல்லாத்தான் சொன்னான். தொரை காதுல ஏறல." பிறகு என் தோளில் கையை வைத்து, "நீ மனசு கஷ்டப்படாதப்பா" என்றார்.

எனக்கு ஆறுதல் சொன்னார்! எனக்கு!

இத்தோடு முடிந்திருந்தால்கூட, ஒரு கணத்துச் சபலம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருப்பேன். அத்தோடு முடியவில்லை. நாலைந்து நாள் கழித்து அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பட்டணத்துல பெரிய கோர்ட்டு இருக்குதாமே, அங்க போயி கேக்கலாம்னு சொல்றாங்க. முடியுமா தணிகா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார்.

முடியும். எனக்குத் தெரியும். ஆனால் பெரிய கோர்ட்டில் வேறு துபாசி இருப்பார். அண்ணன் அதே வார்த்தைகளை அங்கேயும் சொல்வார். அப்போது என் பொய் வெளியே வரும்.

"இல்லண்ணே, இந்த மாதிரி வழக்குக்கு அப்பீல் கெடையாது" என்றேன்.

"அப்படியா..." என்றார். "செரி, நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பொய்யை அச்சமும் ஆசையும் சேர்ந்து சொல்லவைத்தன. இரண்டாவதுக்கு யோசிக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

அறுப்பு முடிந்தது. மிராசுதார் சொன்னபடி எழுதித் தந்தார். அவர் வீட்டு மாடியில் தங்கிச் சட்டம் படித்தேன். ஒரு நாள் வகுப்பில் மேல்முறையீட்டைப் பற்றிப் பாடம் நடந்தது. யார் செய்யலாம், எத்தனை நாளுக்குள் செய்யலாம் என்று பேராசிரியர் சொல்லச் சொல்ல எல்லாரும் எழுதினார்கள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கெடு முடிய இன்னும் நிறைய நாள் இருந்திருக்கிறது. அந்தத் தேர்வில் அந்தக் கேள்விக்கு நான்தான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

காத்தவராயண்ணன் மாடுகளை விற்றார். குடும்பத்தோடு அண்ணியின் பிறந்த ஊரான அபிஷேகப்பாக்கத்துக்குப் போய்க் கூலி வேலை செய்தார். நான் கறுப்பங்கி போட்டேன். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். 'நம்மவர், நம் பேச்சைச் சரியாக எடுத்துச் சொல்வார்' என்று ஒருவரை ஒருவர் அனுப்பி வைத்தார்கள். நன்றாகவே வாதாடினேன், இன்றும் வாதாடுகிறேன். அதனால் பாவம் கரைகிறதா என்று பார்த்தேன். இல்லை... கரையவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வருடக்கணக்காக நாள் பார்த்தேன். கடைசியில் துணிந்து அபிஷேகப்பாக்கம் போனபோது அவர் காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணி யாருடைய வயலிலோ நடவு செய்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். முழங்கால்வரை சேறோடு வரப்பில் ஏறி வந்தாள்.

சொன்னேன். வரப்பில் நின்றபடியே இரண்டு பொய்களையும் சொல்லி முடித்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதற்கு ஏங்கித்தான் போயிருந்தேன். திட்டு வாங்கிக்கொண்டு கொஞ்சம் இலேசாகத் திரும்பலாம் அல்லவா? அவள் கையிலிருந்த நாற்றுமுடியை வரப்பில் வைத்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நெலத்த வுட்டுட்டு ஓடனவன்னு ஊரு அவரைப் பேசிச்சி. பங்காளிங்களே பேசினாங்க. தீர்ப்புலயே அப்படித்தான் எழுதியிருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அவரு ஒரு நாளு உன்னத் தப்பா சொன்னதில்ல. எனக்கு நெலம் வேணாம், உன் காசும் வேணாம். நீ மாத்திச் சொன்ன எடத்துல, நாலு பேரு முன்னால போயி, அவரு வுடலன்னு சொல்லு."

"சொல்றேன் அண்ணி" என்றேன்.

"சொல்லிட்டு வா. அப்புறம் உங்கிட்ட பேசறேன்." நாற்றை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? பொய்ச் சத்தியம் செய்தவன் கறுப்பங்கி போட முடியாது. எனக்கு மனைவி இருக்கிறாள், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணங்களுக்கு எனக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை. வக்கீல் அல்லவா!

அடுத்த மாதம் ஒரு கட்சிக்காரருக்காகப் பாகூர் மேரிக்குப் போனேன். என் வாதம் முடிந்தது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி வழக்கம்போலக் கேட்டார். வாயைத் திறந்தேன். பின்வரிசையில் குடியானவர்கள் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. அண்ணி உயிரோடுதான் இருக்கிறாள். ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் அபிஷேகப்பாக்கத்திலிருந்து இன்னும் என்னிடம் வழக்குகள் வருமா? நான் போய்ச் சொல்வேன் என்று அவள் காத்திருக்கிறாள் போலும்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் நீதிபதி இல்லை. பாகூர்க்காரர்களும் இல்லை. இது கணக்கில் சேராது என்று எனக்கே தெரியும்.

வரும் வியாழக்கிழமை பாகூரில் மறுபடி நீதிமன்றம் கூடுகிறது. என் பெயரில் மூன்று வழக்குகள் இருக்கின்றன. போவேன். முடிவில் நீதிபதி அதே கேள்வியைக் கேட்பார்...