மிஸ் எடித்துக்குப் போட்ட தனி இலை

இங்கிலீஷ் வாத்தியார் உத்தியோகத்தில் திருத்த வேண்டிய நோட்டு மலையாகக் குவியும் என்பதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அசல் இங்கிலீஷ்காரர் ஒருத்தர் எதிரே வந்து நின்றுவிட்டால்தான் படித்த இங்கிலீஷெல்லாம் மறந்துபோகும். இதே தொழிலில் என்னோடு வெந்து நொந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு இங்கிலாந்திலிருந்து மிஸ் எடித் என்று ஒரு டீச்சர் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு வருஷத்துக்கு வந்தவர். பிடித்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம் என்று ஏற்பாடு. எங்கள் பிளாக்கிலேயே அவருக்கும் ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கும் அவர் இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிறவர்களின் பிள்ளைகள் என்னிடம் வருஷக்கணக்காகப் படித்தும், இங்கிலீஷில் எழுதுவார்களே தவிர வாயைத் திறக்க மாட்டார்கள். அதே பிள்ளைகள், இவர் வந்த மூன்றாம் மாதம் எழுந்து நின்று இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் வகுப்புக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கம்பெனி பஸ்

மிஸ் எடித்துக்குச் சாயங்காலம் காலாற நடக்கப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பிவிடுவார். அப்போது நட்ட கன்றெல்லாம் இடுப்பளவுதான் இருந்தது. வெயில் தாழ்ந்தும் செம்மண் ரோடு கொதிக்கும். வெள்ளைக்கார அம்மா நடந்து போவதைப் பார்த்தால் கம்பெனி பஸ் தானாக நிற்கும். கண்டக்டர் இறங்கி வந்து கும்பிட்டு ஏற்றிக்கொள்வார். ஏற்றிக்கொண்டு போய் எங்கே இறக்குவார் தெரியுமா? வெளிநாட்டு இன்ஜினீயர்கள் குடியிருந்த பங்களா வரிசையில். அங்கே இருந்தவர்கள் ஜெர்மன் பேசுகிறவர்கள். அவர்களுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாவம், அங்கிருந்து மறுபடி எங்கள் பிளாக் வரைக்கும் நடந்தே வருவார்.

இப்படி நாலைந்து தரம் ஆனபிறகு நான் கண்டக்டரைப் பிடித்து, அந்த அம்மா எங்கள் பக்கத்தில்தானே குடியிருக்கிறார், ஏனய்யா அங்கே கொண்டுபோய் விடுகிறாய் என்று கேட்டேன். அவர் அசரவே இல்லை.

"உங்க பிளாக்ல அவங்க கூடப் பேச யார் சார் இருக்காங்க?"

சனிக்கிழமை சினிமா

மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவார்கள். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம், பாயும் ஜமக்காளமும் விரித்து உட்கார்ந்துவிடுவோம். வறுத்த வேர்க்கடலை கைக்குக் கை மாறும். முதல் தடவை மிஸ் எடித் கடைத்தெருவில் வாங்கிய கோரைப்பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிரித்த முகமாக வந்தார். என் மனைவி சரோஜா நகர்ந்து இடம்கூடக் கொடுத்துவிட்டாள்.

ஹெட்மாஸ்டர் பதறிப்போனார். வெளிநாட்டுக்காரரை மண்ணில் உட்கார வைப்பதா? கெஸ்ட் ஹவுஸிலிருந்து சோபாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னால் போட்டார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு தட்டு பிஸ்கட். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே சோபாதான். பாட்டு வரும்போது பின்னால் சிரிப்பு கிளம்பும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஹெட்மாஸ்டருக்குத் திருப்தி தாங்கவில்லை.

"பாத்தீங்களா, எவ்வளவு சௌகரியமா உக்காந்திருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை விருந்து

ஞாயிறு தோறும் ஆசிரியர்களில் ஒருத்தர் வீட்டில் மிஸ் எடித்துக்கு விருந்து. முறை வைத்துக்கொண்டு செய்தோம். என் முறை வந்ததும் நான் ஒரு மேஜையை இரவல் வாங்கிவந்து நடுவீட்டில் போட்டு, அதன்மேல் தலைவாழை இலை விரித்தேன். விருந்தாளி சாப்பிட்ட பிறகுதானே வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது? பிள்ளைகளைச் சமையலறைக்குள் அடக்கிவைத்தாயிற்று. சரோஜா பரிமாறினாள். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். நீங்கள் சாப்பிடவில்லையா என்று மிஸ் எடித் கேட்டார். அப்புறம் என்றேன். சரோஜாவைப் பார்த்துப் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் வெட்கப்பட்டு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

மரியாதை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாலும், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கூட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசியாக வேண்டும். நின்று பரிமாறுகிறவனுக்கு "இன்னும் கொஞ்சம் சாதம்?" என்பதோடு பிழைப்பு ஓடிவிடும். மற்ற வாத்தியார்கள் வீட்டிலும் இதே கதைதான். அன்றைக்கு அவர் போன பிறகு இலையை எடுத்துக்கொண்டே சரோஜா என்னைக் கேட்டாள்.

"அந்தம்மா ஒண்டியா குந்திக்கினு சாப்புடுது, பாக்கவே பாவமா இருக்குது. நீங்களாவது கூடக் குந்துனா என்னங்க?"

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு நாகரிகம் தெரியாது என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இரண்டு தட்டு

வருஷம் முடிகிற நேரம். மேற்கொண்டு இருக்கச் சம்மதமா என்று கேட்கும் அச்சடித்த பாரம் மிஸ் எடித்திடம் போய் இரண்டு வாரமாகியும் திரும்பவில்லை. எந்த மரியாதையில் குறை வைத்தோம் என்று ஹெட்மாஸ்டருக்கு ஒரே குழப்பம். போய்க் கேட்டு, கையெழுத்தோடு வாங்கிவரும்படி என்னை அனுப்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை; முறைக்காரர் ஊரில் இல்லாததால் விருந்து இல்லை. சரோஜா பிள்ளைகளோடு மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நான் காலையிலிருந்து காபியோடு சரி.

கதவைத் திறந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவரே சமைத்து அப்போதுதான் உட்காரப் போகிறார். பாரம் மேஜை ஓரத்தில் எழுதாமல் கிடந்தது. உள்ளே ஓடி இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரே வைத்து, சாப்பிடலாமா என்றார். நம் வாயில் என்ன வரும்? "இப்போதான் சாப்பிட்டேன்" என்றேன். நம் ஊரில் யாராவது முதல் தடவையே உட்கார்ந்துவிடுவார்களா? இரண்டாம் தரம் வற்புறுத்தினால் தயங்க வேண்டும், மூன்றாம் தரம் உட்கார வேண்டும். அவர்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஒரே ஒரு தரம்தான் கேட்டார்.

பிறகு அந்தத் தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, தனியாகவே சாப்பிட்டார். பசியில் என் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தார். பேனாவை எடுத்துப் பாரத்தில் இருக்க விருப்பமில்லை என்று எழுதி என்னிடம் நீட்டினார். ஏன் என்று மட்டும் கேட்டேன். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எல்லார் வீட்டிலும் எனக்குச் சாப்பாடு போட்டீர்கள். ஒரு நாள்கூட ஒருவரும் என்னோடு சாப்பிடவில்லை."

அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டார். பிள்ளைகள் கொஞ்ச நாள் கை தூக்கிப் பார்த்தார்கள். நான் பதிலுக்குத் திணறுவதைக் கண்டு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் பல காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத்தான் ஓய்வு பெற்றேன்; எனக்கும் பசிக்கிறது என்று அந்த மொழியில் சொல்ல வேண்டிய ஒரே நாளில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னவன் என்பதைத் தவிர என்மேல் வேறு குறையொன்றும் இல்லை.