கையைக் கேட்காமல் வாங்கிய குண்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் காரைக்காலில், அரசலாற்றை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். நாற்பத்து நான்கு வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆறு மாதத்தில் கால் சரியாகிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. விரல் மடங்கும், ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்காது.

அதன்பிறகு அவர் வாசற்படி தாண்டவில்லை. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார், ஆனால் எனக்குத் தெரியும். வெளியே போனால் யாராவது ஒரு டீயை நீட்டுவார்கள், கோயிலில் விபூதி கொடுப்பார்கள். இடது கையை நீட்டி வாங்க வேண்டும். அதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. நானாவது சும்மா இருந்தேனா? வகுப்பில் இடது கையால் எழுதுகிற பிள்ளையை வலது கைக்கு மாற்றாமல் விடமாட்டேன். வீட்டிலும் அதே அதிகாரம்தான். "வலது கையாலயே எடுங்க, பழகப் பழகத்தான் வரும்" என்று நாள் முழுக்க நச்சரிப்பேன். அவருடைய லீவு முடிய மூன்று மாதம்தான் இருந்தது. அதற்குள் மனிதர் நாலு பேர் முகத்தில் விழிக்கப் பழகாவிட்டால், வேலையை விட்டுவிட்டுக் கட்டிலோடு முடங்கிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

எதிர்வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவரும் அவர் கூட்டாளிகளும் சாயங்காலத்தில் ஆற்றோரத் திடலில் இரும்புக் குண்டு விளையாடுவார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆட்டம். ஒரு சின்ன மர உருண்டையைத் தள்ளிப் போட்டுவிட்டு, ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டை அதை நோக்கி வீசுவார்கள். யார் குண்டு உருண்டைக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அவர் கட்சிக்கு வெற்றி. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம்.

"சாரை அனுப்புங்கம்மா. ஆனா குண்டு அவங்கவங்களுது இருக்கணும். அடுத்தவங்க குண்டை நாங்க தொடமாட்டோம்" என்றார் பெரியவர்.

புதுக் குண்டு பிரான்சிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. அதன் விலை எங்களுக்குக் கட்டாது. கடைத்தெருவில் ஒரு பாய் பழைய சாமான் கடை வைத்திருந்தார். பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் நாற்காலி, கடிகாரம், கண்ணாடி எல்லாம் அவர் கடையில்தான் வந்து சேரும். கேட்டேன். இரண்டு மூன்று செட் குண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று பெரியதாக, நல்ல கனமாக இருந்தது. மற்றவை சிறியவை, கீறல் விழுந்து கறுத்திருந்தன.

எங்கள் பக்கத்தில் பித்தளைக் குடம் வாங்கினாலும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். கனமாக இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. அந்தப் புத்தியில் கனமானதைத் தொட்டேன். கனமாக இருந்தால் கைக்கும் வலு வருமே என்ற ஆசை வேறு.

"யாருக்கு டீச்சரம்மா? சாருக்கா? அப்ப அவங்களையே அழைச்சிட்டு வாங்களேன். அவங்க கையில வச்சுப் பாக்கணும்" என்றார் பாய்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் பாய், இதையே குடுங்க" என்றேன். பணத்தை நீட்டியபோது அவர் வலது கையில் துடைக்கிற துணி இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் வாங்கினார். அவ்வளவு முறை பார்க்கிற மனிதர்.

என் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் திடலுக்கு வந்தார். ரிக்ஷாவில் நானே கூட்டிப்போனேன். முதல் குண்டை அவர் வலது கையில் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவர் கையை வீசினார். குண்டு முன்னால் போகவில்லை. விரலிலிருந்து நழுவி, அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் புதைந்தது. கொஞ்சம் பிசகியிருந்தால் பாதம் நசுங்கியிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையைச் சுற்றி மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே என்னை எங்கயும் அழைச்சிட்டுப் போகாத" என்றார். அவ்வளவுதான். மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. குண்டுகள் கட்டிலடியில் கிடந்தன. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும்.

ஒருநாள் ஆத்திரத்தோடு அவற்றைப் பையில் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட அடுத்தவரிடம் வாங்க மாட்டார் என்றும் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, வளையல்காரங்ககிட்ட கையை நீட்டாம வளையல் வாங்குவீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வளையல்காரி என் கையைப் பிடித்து அமுக்கிப் பார்க்காமல் ஒரு ஜோடிகூட நான் வாங்கியதில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு மேலாகச் சட்டை, செருப்பு, மருந்து, சாப்பிடும் நேரம் எல்லாம் நானே தீர்மானித்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அவர் கடைக்கு வரமாட்டார் பாய்."

"வராட்டி என்ன, நான் வரேன்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சைக்கிளில் ஒரு சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பின் பழக்கமில்லாத ஆளைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். பாய் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குண்டுகளைத் தரையில் பரப்பி, எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கதை சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சுவாக்கில் ஒரு சிறிய கறுத்த குண்டை எடுத்து, "இதைப் பாருங்க சார்" என்று நீட்டினார்.

இடது கையால் நீட்டினார்.

காசு வாங்கக்கூடத் துணியைக் கீழே போட்ட மனிதர். அவருடைய வலது கை மடியில் சும்மாதான் கிடந்தது. என் வீட்டுக்காரர் நீட்டிய கையைப் பார்த்தார், பாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் இரண்டு தடவை உருட்டிப் பார்த்தார். "இது அடங்குது" என்றார். மூன்று வாரத்தில் அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அவர் எடுத்தது இருந்ததிலேயே விலை குறைந்த செட். கனமான செட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தைப் பாய் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகவே திடலுக்கு நடந்து போனார். ஆட்டத்தில் கெட்டிக்காரர் ஆனார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அவருடைய குண்டு மர உருண்டைக்குக் கிட்டப் போனதை நான் பார்த்ததே இல்லை. ஆனால் லீவு முடிந்த அன்று காலையில் வேலைக்குப் போனார், இடது கையால் கையெழுத்துப் போட்டார். என் வகுப்பிலும் இடது கைப் பிள்ளைகள் அதன்பிறகு நிம்மதியாக எழுதினார்கள்.

இத்தனை வருடம் கழித்தும் அவருக்குக் காபி டம்ளரை நான் இடது கையால்தான் நீட்டுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை முறை தெரியாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு முறையைக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பாயின் இடது கைதான்.