பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டாக ஓடிய சர்வர்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், இரண்டு கல்யாணப் பார்ட்டி. சாஃப்ட்வேர் எழுதிய புண்ணியவான் நான்தான்.

மண்டபம் சிதம்பரத்தில். புக்கிங் ஆபீஸ் அங்கே ஒன்று, கடலூரில் ஒன்று. நெட் அடிக்கடி படுத்துவிடும் என்பதால் இரண்டு ஆபீஸிலும் தனித்தனி சர்வர், புக்கிங் லிஸ்ட்டுக்குத் தனித்தனி காப்பி. நெட் வந்ததும் இரண்டும் பேசிக்கொள்ளும். ஒரே தேதி மோதினால், முதலில் புக் செய்தவருக்கே மண்டபம். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

நெட் இல்லாத ஒரு காலையில், கடலூர் ஆபீஸில் மீன்பிடி போட் வைத்திருக்கும் முருகவேல் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்து மணிக்குப் புக் செய்தார். ஐந்து நிமிஷம் கழித்துச் சிதம்பரத்தில், காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்காரர் அதே தேதியை எடுத்தார். நெட் வந்ததும் சிஸ்டம் முருகவேலை லிஸ்ட்டிலிருந்து சத்தமில்லாமல் தூக்கிவிட்டது. ரசீதோடு வீட்டுக்குப் போனவருக்கு எதுவும் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம், ஒரே அடுப்புக்கு இரண்டு சமையல் கோஷ்டி அடித்துக்கொண்டது. ஓடினேன்.

"ஒங்க பேரே கம்ப்யூட்டர்ல இல்லியே!" என்றார் மேனேஜர்.

"பேரு இல்லன்னா? நான் என்னா ஆவியா?" என்று கத்திய முருகவேல் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஊரு பூரா பத்திரிகை வச்சிட்டேன். எம் பொண்ண ரோட்டுலயா ஒக்கார வைக்கச் சொல்ற?"

சர்வர் நேரத்தோடு குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். ரைஸ் மில்காரர் புக்கிங் பத்து ஐந்துக்கு, முருகவேலுடையது பத்து பத்துக்கு என்றது. அவரோ சரியாகப் பத்து மணிக்கே புக் செய்ததாகச் சாதித்தார். கடலூரிலிருந்த மண்டப ஓனருக்கு போன் போட்டேன்.

"ஆமாப்பா, ஸ்டாஃப் லேட்டா வர்றானுவோ. அதான் செவுத்துக் கடியாரம், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிருக்கேன். நம்ம வூட்டுலயும் அப்பிடித்தான்."

வீட்டுக் கடிகாரம் என்றால் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். என் சர்வருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ரைஸ் மில்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "ஆறுலேருந்து ஏழரை வரைக்கும் முகூர்த்தம் இருக்குல்ல? மொதல்ல வந்தவரு மொதல்ல தாலி கட்டட்டும். ஆனா மொதப் பந்தி எங்களுது."

மறுநாள் அப்படியே நடந்தது. அட்சதையில் பாதி தப்பான ஜோடி மேல் விழுந்தது. நான் இரண்டு பந்தியிலும் சாப்பிட்டேன். "மொத கல்யாணம் எம் பொண்ணுது. ஒன் கம்ப்யூட்டர்ல எழுதிக்க," என்றார் முருகவேல்.

ஓனருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். சாயங்காலமே போன் செய்தார்: "புரிஞ்சிடுச்சிப்பா. சிதம்பரம் கம்ப்யூட்டரையும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிட்டேன். இப்ப ரெண்டும் ஒண்ணு!"

கடுப்பு அடங்கி யோசித்தால், பாதி சரி. மெஷின்களுக்குச் சரியான நேரத்தைவிட ஒத்துப்போகிற நேரம் முக்கியம். ஆனால் இரண்டு கடிகாரம் ரொம்ப நாள் ஒத்துப்போகாது. அதனால் யார் முதல் என்று முடிவு செய்யும் வேலையைக் கடிகாரத்திடமிருந்தே பிடுங்கிவிட்டேன்; இரண்டு சர்வரும் பேசி ஒத்துக்கொண்டால்தான் புக்கிங். இப்போது நெட் இல்லாவிட்டால் ரசீதில் "இன்னும் உறுதியாகவில்லை" என்றுதான் அச்சாகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என் சர்வருக்குக் கற்றுக்கொடுக்க, எனக்கு இரண்டு கல்யாணம் தேவைப்பட்டது.