பேட்டரிக்கு வைத்த சந்தனம்

மார்கழிக் காலை, ஏழரை மணி. அலங்காநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் கார் கிளம்ப மறுத்தது. ஒன்பது மணிக்குள் என் கணவர் மதுரையில் தேர்வு எழுதும் பள்ளிக்குள் இருக்க வேண்டும்; பிந்தினால் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டு பஸ் மாறிப் போனால் நேரமாகிவிடும். அரசு வேலைக்கான வயது வரம்பு அவருக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. இந்தத் தேர்வுக்காக ஐந்து வருடப் படிப்பு.

வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். அதன் நோய்நொடியும் எனக்குத்தான் தெரியும். அடக்கமில்லாமலே சொல்கிறேன்.

எதிர்வீட்டு அண்ணன் குல்லாவோடு வந்தார். "பனிக்குப் பெட்ரோல் உறஞ்சிருக்கும் தாயி."

"உறையுறதுக்கு அதென்ன நெய்யாண்ணே?"

"அப்ப பேட்டரி செத்துருச்சு. தள்ளுவமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தள்ளிக் கிளப்பி நடுரோட்டில் நின்றால் யார் பொறுப்பு?

முன்விளக்கைப் போட்டேன், பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒற்றைச் சத்தம், விளக்கும் அணைந்தது. சாவியை விட்டதும் மறுபடி பளிச். செத்த பேட்டரி இப்படி உடனே தெளியாது. கரண்டு இருக்கிறது, ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

பானட்டைத் திறந்து, பேட்டரி முனையைப் பிடித்திருந்த கவ்வியைக் கழற்றினேன். உள்ளே, முனையைச் சுற்றிக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவியபோது, இதுவும் உழைக்கிறதே என்று பக்தி முற்றி நானே பூசி, அதன்மேலேயே கவ்வியை மாட்டி முடுக்கியிருந்தேன். வெயில் இருந்தவரை எப்படியோ சமாளித்திருக்கிறது. குளிரில் எஞ்சின் கூடுதல் கரண்டு கேட்டதும், நடுவே சந்தனம் மறிக்க, கையை விரித்துவிட்டது. அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். கண்டுபிடித்தது யார்?

சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கவ்வியை இறுக்கினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

ஊரைத் தாண்டியதும் பக்கத்தில் இருந்த கணவர் வாயைத் திறந்தார். "சொன்னா வையாத. கார் கெளம்பக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டே நின்னேன்."

"எதுக்கு?"

"எழுதித் தோத்தா நான் தோத்ததா ஆயிரும். கார் நின்னு போச்சுன்னா பழி காருக்கு."

கோபம் வரவில்லை. ஐந்து வருடமாக, எத்தனை பாடம் முடிந்தது என்று தினமும் கேட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. ஜெயித்துவிடுவீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒழுங்கா எழுதலன்னாலும் பரவாயில்லங்க. முடிச்சிட்டு வாங்க, இங்கனயே நிக்கிறேன். வீட்டுக்குப் போயிருவோம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

கதவைத் திறந்து இறங்கி, உள்ளே போனார்.